காடு என்னும் சொல்

நுழையும்முன்

நாடு, வீடு, காடு, மேடு, ஆறு, ஊர் போன்ற இரண்டெழுத்துச் சொற்களை அகராதியில் தேடிப் பார்ப்பவர் அரியர். தொடக்கப் பள்ளியிலேயே பொருள் விளங்கிவிட்டது என்னும் எண்ணமே அதற்குக் காரணம். ஆயினும் மொழியில் பழமையும் பொருள்வளமும் மிக்கவை இச்சிறு சொற்களே. அவற்றுள் ஒன்றான 'காடு' தமிழிலும் உறவுமொழிகளிலும் எவ்வாறு வழங்குகிறது, அதற்கு இணையான பிறமொழிச் சொற்கள் எவ்வாறு பிறந்தன, ஒரு சொல்லுக்குக் கொள்ளும் பொருள் ஒரு மலைத்தொடரின் நிலையையே எவ்வாறு மாற்றிவிடும் என்பவற்றை இப்பாடம் ஆராய்கிறது.

ஒரு தொடரில் மூன்று காடுகள்

திண்டுக்கல் மாவட்டம் கொடைக்கானல் வட்டத்தில், பழனிமலைத் தொடரின் கீழ்மலைப் பகுதியில் அமைந்த பேரூர் பண்ணைக்காடு. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைச்சாலையில் பிரியும் கிளைச்சாலை, இவ்வூரைத் தொட்டுத் தாண்டிக்குடிப் பக்கம் செல்லும். வழியெங்கும் உயர்ந்த நிழல்மரங்கள்; அவற்றின் அடியில் காப்பிச் செடிகள்; மரங்களைப் பற்றியேறும் மிளகுக் கொடிகள்; இடையிடையே ஆரஞ்சும் மலைவாழையும். சமவெளியிலிருந்து முதன்முறை வருபவர் கண்ணுக்கு இது அடர்ந்த காடு. ஊராருக்கும் இது காடுதான். ஆனால், வேறு பொருளில். 'அப்பா காட்டுக்குப் போயிருக்கிறார்' என்று ஒரு சிறுமி சொன்னால், தந்தை வேட்டைக்கோ விறகுக்கோ போனார் என்று கொள்ளலாகாது. தம் நிலத்தில் வேலைபார்க்கப் போயிருக்கிறார் என்பதே பொருள்.

'காட்டிலிருந்து காட்டுமாடு காட்டுக்குள் இறங்கிவிட்டது' என்னும் தொடரை மலையூர்களில் பேசுவோரும் கேட்போரும் சற்றும் தடுமாறுவதில்லை. முதற்காடு, மரமடர்ந்த வனம். இரண்டாவது, விலங்கு வளர்ப்பு விலங்கன்று என்பதைக் காட்டும் அடைமொழி. மூன்றாவது, உழைத்துப் பயிர்செய்த விளைநிலம். முதலுக்கும் மூன்றுக்கும் இடையே ஒரு வேலி இருக்கலாம். சில இடங்களில் வேலியும் இராது. இம்மூன்றன்றி நான்காவதாக ஒன்றும் உண்டு. முதுமையுற்றோர் தம் நிலையைச் சொல்லுங்கால், 'வீடு போ போ என்கிறது. காடு வா வா என்கிறது' என்பர். அக்காட்டில் மரமும் இல்லை, பயிரும் இல்லை. அது சுடுகாடு.

வனம், வளர்ப்புக்கு மாறான தன்மை, விளைநிலம், ஈமநிலம் ஆகிய நான்கும் ஒரே சொல்லுக்குப் பொருளாவது எவ்வாறு? ஒன்றுக்கொன்று தொடர்பற்ற நான்கு சொற்கள் ஒலியால் ஒத்துவிட்டனவா? அல்லது நான்கிற்கும் அடியில் ஒரு பொதுப்பொருள் கிடக்கிறதா?

பண்டைத் தமிழில் காடு

விடை தேடுவோர்க்கு முதலில் கைகொடுப்பது தொல்காப்பியம். நானிலங்களை வகுக்கும் அந்நூல், காடு என்னும் சொல்லை முல்லைத் திணைக்கு உரியதாக்குகிறது. குறிஞ்சிக்கு மலையையும், மருதத்துக்கு நீர்வளமுள்ள வயற்பகுதியையும், நெய்தலுக்கு மணற்பரப்பையும் அது குறிக்கிறது. இங்கு ஒரு செய்தியைக் கூர்ந்து நோக்க வேண்டும். இக்கால வழக்கின்படி மரங்கள் செறிந்து வானளாவ நிற்கும் காட்டைக் காண மலைக்குத்தான் போக வேண்டும். ஆனால், தொல்காப்பியம் காடு என்று பெயரிடுவது, ஆடுமாடு மேய்வதும் வரகும் சாமையும் விளைவதும் ஆயர் வாழ்வதுமான மேட்டுநிலத்தை. புதரும் புல்லும் சிதறிய மரங்களும் கொண்ட நிலம் அது.

எனவே, இன்று கொங்கு நாட்டிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் மானாவாரி நிலத்தைக் காடு எனச் சொல்வதைப் பேச்சுவழக்கின் பிழையெனத் தள்ளுவது தவறு. கிணற்றுப் பாசனம் உடையது தோட்டம், ஆற்றுநீரோ குளத்துநீரோ பாய்வது வயல், வானத்தை நம்பியது காடு என்னும் நுட்பமான பாகுபாடு அங்கு வழங்குகிறது. முல்லைநிலத்தைக் குறித்த பழம்பொருளை உழவர் பேச்சு இன்றளவும் காத்துவருகிறது எனக் கொள்வதே பொருத்தம். நிலபுலன்களைக் 'காடுகரை' என்றும் 'காடுகழனி' என்றும் சொல்லும் இணைமொழிகளிலும் காடு உடைமையாகவே நிற்கிறது. அச்சம் தரும் இடமாக அன்று.

சிலப்பதிகாரத்தின் காதைப் பெயர்கள் இரண்டு இவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் உதவுவன. புகாரை விட்டு நீங்கிய கோவலனும் கண்ணகியும் காவிரியின் கரையில் வயல்வளம் கண்டு நடப்பது 'நாடுகாண் காதை'. சோழநாட்டைக் கடந்து மதுரை நோக்கி வெம்மையான வழியில் செல்வது 'காடுகாண் காதை'. முல்லையும் குறிஞ்சியும் மழையின்றித் திரிந்து பாலையாகும் என்னும் புகழ்பெற்ற கருத்து இப்பகுதியில்தான் வருகிறது. ஆக, இளங்கோவடிகள் காடு எனக் காட்டும் வழியில் பசுமையைவிட வறட்சியே மிகுதி. நாடு என்பதன் மறுதலையே அவருக்குக் காடு. பட்டினப்பாலையும் கரிகாலனைப் போற்றுமிடத்து, அவன் காட்டை அழித்து நாடாக்கியதையும் குளம் தொட்டு வளம் பெருக்கியதையும் அடுத்தடுத்துச் சொல்கிறது. ஒன்று குறைய மற்றொன்று வளர்கிறது. காட்டழிவைச் சாதனையாகப் பாடிய காலம் அது. இன்றைய மாணவர் அவ்வடிகளைப் படிக்கும்போது உள்ளத்தில் சிறு நெருடல் எழுமாயின், அது இயல்பே.

நாட்டுக்குப் புறம்பான இடம் காடு எனக் கொண்டால், ஈமநிலம் அப்பெயர் பெற்றதும் விளங்கும். இறந்தோரை எரிப்பதும் புதைப்பதும் ஊர் எல்லைக்கு வெளியே. எரிக்கும் இடம் சுடுகாடு. இடும் இடம் இடுகாடு. காரைக்கால் அம்மையார் பாடிய திருவாலங்காடும், மணிமேகலை விரிவாகக் காட்டும் புகாரின் ஈமப்புறங்காடும் வாழ்வோர் குடியிருப்புக்கு அப்பாற்பட்டவை. விளைநிலமும் குடியிருப்பில் இல்லை. ஊரைத் தாண்டியே இருக்கிறது. ஆகவே, மரம் இருத்தலும் இல்லாமையும் காட்டுக்கு இலக்கணம் அல்ல. வீடும் தெருவும் முடிந்த பிறகு தொடங்குவது எதுவோ அது காடு. மேற்கூறிய நான்கு பொருள்களையும் ஒன்றாகக் கட்டும் கயிறு இதுவே.

ஐந்தாவதாக ஒரு பொருளும் உண்டு. பெருமழையில் நகரம் மூழ்கினால் செய்தித்தாள்கள் 'வெள்ளக்காடு' என எழுதுகின்றன. இங்கே காடு என்பது மிகுதியையும் பரப்பையும் குறிக்கும். கண்ணுக்கு எல்லை தெரியாமல் பரந்து கிடத்தல் என்னும் தன்மையிலிருந்து கிளைத்த பொருள் இது.

மாறாக, சாக்காடு, நோக்காடு, வேக்காடு என்பவற்றில் வரும் 'காடு' இச்சொல் அன்று. அது தொழிற்பெயர் விகுதி. பாடு, அரவு போன்றவற்றோடு சேர்த்து எண்ணப்படுவது. சாக்காடு என்பதைச் 'சாவும் காடு' எனப் பிரித்துச் சுடுகாட்டோடு இணைத்து விளக்குவோர் உளர். கேட்பதற்குச் சுவையாக இருப்பினும் அது பொருந்தாது. வேக்காடு என்னும் சொல்லை வைத்துப் பார்த்தாலே அவ்விளக்கம் சரிந்துவிடும். ஒலி ஒத்த இரு சொற்களை ஒரு வேரில் பிறந்தவையாகக் கருதுவது சொல்லாராய்ச்சியில் அடிக்கடி நேரும் வழுவாகும்.

உறவுமொழிகளில்

திராவிட மொழிகள் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதைக் கால்டுவெல் 1856ஆம் ஆண்டு வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் விரிவாக நிறுவினார். அம்மொழிகளின் பொதுச்சொற்களைத் தொகுத்து, பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதி, திருத்திய பதிப்பாக 1984இல் மீண்டும் வந்தது. காடு என்னும் சொல்லின் உறவுகளை அங்குக் காணலாம்.

மலையாளத்தில் காடு, கன்னடத்திலும் துளுவிலும் காடு. ஒலியில் வேறுபாடு மிகச் சிறிது. ஆயினும் பிறசொல்லோடு சேரும்போது மொழிகள் பிரிந்து நிற்கின்றன. தமிழில் காடு + யானை என்பது காட்டுயானை என ஒற்று இரட்டித்து வரும். நெடில்தொடர்க் குற்றியலுகரத்தில் ட், ற் என்னும் ஒற்றுகள் வேற்றுமைப் புணர்ச்சியில் இரட்டும் என்பது மாணவர் அறிந்த விதி. மலையாளமும் இவ்வழியே நடந்து 'காட்டான' என்கிறது. கன்னடமோ இரட்டாமல், டகரத்தை மெலிதாக ஒலித்துக் 'காடானெ' என்கிறது. ஆறு – ஆற்றுநீர், வீடு – வீட்டுவேலை என்பவற்றில் இயங்கும் அதே விதி, இரு மொழிகளை இணைப்பதற்கும் ஒரு மொழியைப் பிரித்தறிவதற்கும் சான்றாகிறது. இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்த விதிக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

தெலுங்கின் நிலை இன்னும் சுவையானது. அங்கு வனத்தைச் சுட்டும் பெருவழக்கான சொல் 'அடவி'. காடு என்னும் சொல் மறைந்துவிடவில்லை. ஈமநிலத்தைக் குறித்து ஒதுங்கிக்கொண்டது. 'வல்லகாடு' என்றால் தெலுங்கில் இடுகாடு. கன்னடத்தில் இரு பொருளும் உண்டு. சுடுகாட்டை அம்மொழி 'சுடுகாடு' என்றே, ககரத்தை மெலித்து ஒலிக்கிறது. ஒரு பெருங்குடும்பத்தின் பழைய வீட்டைப் பங்கிட்டுக்கொண்ட உடன்பிறந்தார் போல, தெலுங்கு ஓர் அறையை மட்டும் வைத்துக்கொண்டது. தமிழ் எல்லா அறைகளையும் வைத்துக்கொண்டு, முற்றத்தில் பயிரும் செய்தது.

காட்டின் இளைய உறவாகக் 'கான்' என்னும் சொல்லும் நினைக்கத்தக்கது. கானம், கானகம், கானல் என அது விரியும். சங்க இலக்கியத்தில் கானல் என்பது பெரும்பாலும் கடற்கரைச் சோலை. அச்சொல் கடலை விட்டு மலையேறிக் கொடைக்கானல், வட்டக்கானல் என்னும் பெயர்களில் அமர்ந்திருப்பது வியப்பு. கொடைக்கானலின் முதற்பகுதிக்குக் கோடை, கொடை, கொடி எனப் பலவாறு விளக்கம் தருவர். பெருந்தலைச் சாத்தனார் பாடிய கடிய நெடுவேட்டுவன் ஆண்டது கோடைமலை என்னும் புறநானூற்றுச் செய்தி, முதல் விளக்கத்துக்கு வலிமை சேர்க்கிறது. பிற்பகுதியான கானலைப் பற்றி வழக்கில்லை. வடமொழியின் 'கானனம்' என்னும் சொல்லும் திராவிடத்திலிருந்து சென்றதே எனப் பரோ போன்ற அறிஞர் கருதுவர்.

பெயர்களில் தங்கிய காடு

தமிழகத்தின் ஊர்ப்பெயர்களில் காடு எண்ணற்ற இடங்களில் தங்கியிருக்கிறது. ஆலங்காடு, வெண்காடு, சாய்க்காடு, மறைக்காடு எனப் பாடல்பெற்ற தலங்களே பல. மறைக்காட்டை வடமொழியாக்கி வேதாரணியம் என்றனர். மறை வேதமாயிற்று, காடு ஆரணியமாயிற்று. மொழிபெயர்த்தோர் பொருளையாவது காத்தனர். ஆங்கிலேயர் எழுதிய முறையோ சொல்லையே அடையாளம் தெரியாமல் ஆக்கியது. ஆர்க்காடு என்பதன் ஈற்றுப் பகுதியை அவர்கள் சி, ஓ, டி என மூன்று எழுத்துகளால் எழுதினர். ஏற்காட்டின் ஈற்றைச் சி, ஏ, யு, டி என்றும், பழவேற்காட்டின் ஈற்றைச் சி, ஏ, டி என்றும் எழுதினர். பாலக்காட்டுக்கு வந்தபோது ஜி, எச், ஏ, டி என எழுதினர். மலைவழியைக் குறிக்கும் வடசொல்லை எழுதும் முறையும் அதுவே. அங்கே மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரியதொரு கணவாய் இருப்பதால், பெயரே கணவாயைத்தான் குறிக்கிறது என நம்பியவரும் உண்டு. நான்கு ஊர்களிலும் நிற்பது ஒரே காடு. ஆங்கில எழுத்தை மட்டும் பார்ப்பவர்க்கு அது ஒருநாளும் புலப்படாது.

பண்ணைக்காடு என்னும் பெயருக்கு வருவோம். பண்ணை + காடு எனப் பிரிந்து, இடையில் ககர ஒற்று மிக்குப் புணர்ந்த பெயர் இது. பண்ணை என்பதற்கு விளைநிலம் என்பது இன்று யாவரும் அறிந்த பொருள். தொல்காப்பிய உரியியலோ அச்சொல்லுக்கு விளையாட்டு என்னும் பொருளைச் சொல்கிறது. ஒருவகைக் கீரைக்கும் அப்பெயர் உண்டு. விளைநிலம் என்னும் பொருளையே இங்குக் கொண்டால், நாடும் காடுமாக எதிரெதிரே நிறுத்தப்பட்ட இரண்டும் ஓர் ஊர்ப்பெயருக்குள் அருகருகே அமர்ந்துவிட்டன. நிழல்மரங்களை வெட்டாமல் அவற்றின்கீழ்க் காப்பி வளர்க்கும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமைவது கடினம். அண்டையூரான தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. நிழலில்லாக் காப்பி இம்மலைகளில் செழிப்பதில்லை என்பதால், இங்குப் பண்ணைக்குக் காடு தேவைப்படுகிறது.

பிறமொழிகளின் வழி

காடு என்பது மரத்தால் அன்றி இடத்தால் பெயர்பெற்றது என்னும் கருத்து தமிழுக்கு மட்டும் உரியதா? இல்லை. வடமொழியின் 'அரண்யம்', அயலானது, தொலைவானது எனப் பொருள்படும் 'அரண' என்னும் சொல்லடியாகப் பிறந்தது. ஊர் சார்ந்தவை, அரண்யம் சார்ந்தவை என உயிர்களையும் பொருள்களையும் இரண்டாகப் பகுப்பது வேதகாலத்திலேயே உண்டு. ஆங்கிலத்தின் 'ஃபாரஸ்ட்', இடைக்கால இலத்தீனின் 'ஃபாரஸ்டிஸ்' என்னும் சொல்வழி வந்தது. அதற்கு அடி, வெளியே எனப் பொருள்தரும் 'ஃபோரிஸ்' என்பர். ஊர்ப்பொதுவுக்கு வெளியே, அரசனின் வேட்டைக்கென ஒதுக்கிய நிலமே தொடக்கத்தில் ஃபாரஸ்ட். அங்கு மரம் இருந்தாக வேண்டும் என்பதில்லை. இங்கிலாந்தின் டார்ட்மூர் பெரும்பாலும் மரமற்ற மேட்டுவெளி; எனினும் பழைய ஆவணங்களில் அதன் நடுப்பகுதி ஃபாரஸ்ட்தான். 1217ஆம் ஆண்டு அங்கு ஒரு காட்டுச் சாசனம் எழுந்தது. அரசனின் ஃபாரஸ்டில் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் மக்களுக்குரிய உரிமையை அது உறுதிசெய்தது. யாருக்குக் காடு என்னும் வழக்கு அவ்வளவு பழையது.

'ஜங்கிள்' என்னும் சொல் இன்னும் பெரிய திருப்பம் கண்டது. வடமொழியில் 'ஜாங்கலம்' என்பது வறண்டு, மரம் குறைந்து, திறந்து கிடக்கும் நிலம். ஆயுர்வேத நூல்கள் நீர்வளமுள்ள சதுப்பு நிலத்துக்கு எதிராக ஜாங்கலத்தை நிறுத்துகின்றன. இந்தி முதலிய மொழிகளில் அது 'ஜங்கல்' ஆகிக் காட்டைக் குறித்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் நுழைந்து, கொடிபின்னிய மழைக்காடு என்னும் பொருளை எய்தியது. 1894இல் கிப்ளிங்கின் நூல் வந்தபின் உலகச் சிறுவர் அனைவருக்கும் ஜங்கிள் என்றால் அடர்வனமே. வறண்ட நிலத்தின் பெயர் ஈரக்காட்டின் பெயராயிற்று. சிலம்பின் காடுகாண் காதையை நினைப்பவர்க்கு இத்திருப்பம் முற்றிலும் அயலாகத் தோன்றாது.

மரத்தால் பெயர்பெற்ற சொற்களும் உண்டு. ஆங்கிலத்தின் 'வுட்' மரக்கட்டையையும் குறிக்கும், சிறுகாட்டையும் குறிக்கும். வடமொழியின் 'வனம்' மரத்தொகுதியைச் சுட்டுவது. அங்கு வாழ்வோரைத் தாழ்த்திப் பேசுவதற்கும் எல்லா மொழிகளிலும் காடு பயன்பட்டிருக்கிறது. காடு எனப் பொருள்படும் இலத்தீனின் 'சில்வா' என்னும் சொல்லிலிருந்தே, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தின் 'சாவேஜ்' என்னும் இழிசொல் பிறந்தது. தமிழில் 'காட்டுமிராண்டி' அதற்கு இணை. ஊருக்குள் இருப்பவன் ஊருக்கு வெளியே இருப்பவனைப் பார்த்த பார்வை இச்சொற்களில் உறைந்துவிட்டது. பழனிமலையின் தொல்குடியினரான பளியருக்குக் காடு வெளியே இருப்பதன்று. தேனும் கிழங்கும் மருந்தும் தரும் வாழிடம் அது. அவர்கள் நின்று பார்த்தால் உள்ளும் புறமும் இடம் மாறிவிடும்.

தமிழ் கொடுத்த சொல் ஒன்றும் இங்குண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான பள்ளத்தாக்குகளில், குட்டையான மரங்கள் நெருங்கி நிற்கும் பசுமைமாறாக் காடுகளை உலகெங்கும் உள்ள தாவரவியலார் 'ஷோலா' என அழைக்கின்றனர். அது சோலை என்னும் தமிழ்ச்சொல்லின் ஆங்கில வடிவமே. பேரிஜம் ஏரிக்கு அருகில் மதிகெட்டான் சோலை என ஒன்று உண்டு; புகுந்தவர் திசை தெரியாது மயங்குவர் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. மலையாளத்தில் 'சோல' என்பது நிழலையும் காட்டருவியையும் குறிக்கும். அதுவும் உண்மைக்கு நெருக்கமே; சோலைகள் மழைநீரை உறிஞ்சி வைத்து ஆண்டு முழுவதும் ஓடைகளாகக் கசியவிடுகின்றன.

பொருள் மாறினால் நிலம் மாறும்

பழனிமலையின் மேல்மலைப் பகுதி இயல்பில் ஒரே பசுங்காடு அன்று. பள்ளங்களில் சோலை, மேடுகளில் புல்வெளி. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, 2018இலும் மலைச்சரிவுகளை நீலமாக்கிய குறிஞ்சி, சோலைக்குள் வளர்வதன்று. புல்வெளிச் சரிவுகளில் வளர்வது. தொல்காப்பியர் காலத்துக் காடு என்னும் சொல்லுக்குள் புல்வெளிக்கும் இடம் இருந்தது. காடு என்றால் மரம் என்னும் கருத்து வேரூன்றிய பின்னர் அதற்கு இடமில்லாமற் போயிற்று. மரமில்லா மேடுகள் பயனற்ற வெற்றுநிலமாக மதிக்கப்பட்டன. தோல் பதனிடுவதற்கான பட்டைக்காகவும், விறகுக்காகவும், ஆலைகளுக்கான கூழுக்காகவும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகைமரமும் தைலமரமும், அவற்றோடு பைன் மரமும் அங்கு நடப்பட்டன. 'காடு வளர்ப்பு' என்னும் நல்ல பெயரால்தான் அது நடந்தது.

விளைவைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. 1973 முதல் நாற்பது ஆண்டுகளில் பழனிமலையின் புல்வெளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது என 2018இல் வெளிவந்த ஆய்வு தெரிவித்தது. மரத்தோட்டங்களும் வேளாண்மையும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. தொலைவிலிருந்து பார்த்தால் மலை முன்னினும் பசுமையாகவே தெரியும். ஆயின் அப்பசுமைக்கு ஒரு புல்வெளி விலையாயிற்று; அதனோடு அங்கு மட்டுமே வாழும் செடிகளும் பறவைகளும் ஒடுங்கின. ஒரு சொல்லின் பொருளைச் சுருக்கியதால் மட்டும் இது நிகழ்ந்தது என்பது மிகை. ஆனால், புல்வெளியையும் காடு என எண்ணியிருந்தால் அதில் குழிதோண்டக் கை அவ்வளவு எளிதில் எழுந்திராது.

சட்டமும் இச்சொல்லோடு மல்லாடியிருக்கிறது. 1882ஆம் ஆண்டின் சென்னைக் காட்டுச் சட்டம், அரசு அறிவித்து எல்லை குறித்த நிலங்களைக் காப்புக்காடு ஆக்கியது. மலைச்சாலைகளில் அப்பெயர் தாங்கிய பலகைகளை இன்றும் காணலாம். அங்குக் காடு என்பது மரத்தாலும் இல்லை, இடத்தாலும் இல்லை; அரசாணையால் அமைவது. 1980இல் நாடாளுமன்றம் வனப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியபோது, அதில் காடு எது என்னும் வரையறை தரப்படவில்லை. அறிவிக்கப்படாத நிலத்தில் இருப்பவை காடா அல்லவா என்னும் கேள்வி அதனால் எழுந்தது. நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்துக் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் விடை கூறியது. உடைமை யாருடையதாயினும், ஆவணத்தில் எப்பெயரிருப்பினும், காடு என்னும் சொல்லை அகராதிப் பொருளில் கொள்ள வேண்டும் என்பதே அவ்விடை. நாட்டின் மாபெரும் நிலப்பரப்பின் தலைவிதி அகராதியின் ஒரு பதிவுக்குள் வந்தது. 2023இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது எழுந்த வழக்கிலும், 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் நீதிமன்றம் அதே அகராதிப் பொருளையே இடைக்காலமாகப் பின்பற்றச் சொன்னது.

எந்த அகராதி? நீதிமன்றத்தின் முன் இருந்தது ஆங்கிலச் சொல். ஆகவே ஆங்கில அகராதி. தமிழ் அகராதியைத் திறந்திருந்தால் சுடுகாடும் சாமை விளையும் மேடும் அதற்குள் அடங்கியிருக்கும். வழக்கறிஞர்கள் பெருந்தொல்லைக்கு ஆளாகியிருப்பர். வேடிக்கையாகத் தோன்றினும் பண்ணைக்காடு போன்ற ஊர்களில் இது வேடிக்கையன்று. நிழல்மரம் செறிந்த காப்பி நிலம் காடா, பண்ணையா? தம் நிலத்து மரத்தை வெட்ட உழவர் எவரிடம் இசைவு கேட்க வேண்டும்? காட்டிலிருந்து காட்டுக்குள் இறங்கிய காட்டுமாடு மேய்ந்த பயிருக்குப் பொறுப்பு யார்? ஒவ்வொரு கேள்வியும் கடைசியில் அந்த இரண்டெழுத்துச் சொல்லில் போய் நிற்கிறது.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மற்றொரு வழியைத் திறந்தது. வகைப்படுத்தப்படாத காடு, எல்லை குறிக்கப்படாத காடு, காப்புக்காடு, சரணாலயம் என எல்லாவற்றையும் வன நிலத்துள் அடக்கி, தலைமுறையாக அங்கு வாழ்வோரின் குடியிருப்புக்கும் பயிர்நிலத்துக்கும் தேன் முதலிய சிறுவிளைபொருள்களுக்கும் உரிமை உண்டு என அது ஏற்றது. உரிமை கோருவோரின் மனுவைத் தொடக்கத்தில் ஆராயும் பொறுப்பு கிராம சபையினுடையது. எந்த மலைச்சரிவை எந்தப் பெயரால் அழைக்கிறோம், அங்கு எத்தலைமுறை முதல் தேன் எடுக்கிறோம் என்பதைப் பளியர் தம் மொழியில் அச்சபையில் சொல்லலாம். அவர்கள் சொல்லும் காட்டுக்கு அங்குச் சான்றின் மதிப்பு உண்டு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலும் அண்டையூர்களிலும் 'காடு' என முடியும் இடப்பெயர்களையும் நிலப்பெயர்களையும் தொகுத்து, ஒவ்வொன்றிலும் அச்சொல் எப்பொருளில் வந்துள்ளது என்பதை முதியோரிடம் கேட்டு எழுதுக.

2. சுடுகாடு, காடுகரை, காட்டுமாடு, வெள்ளக்காடு ஆகியவற்றின் இலக்கணக் குறிப்பைக் கண்டறிந்து, காட்டுமாடு என்னும் சொல்லின் புணர்ச்சி விதியை விளக்குக.

3. 'நிழல்மரங்களின்கீழ் வளரும் காப்பி நிலத்தைக் காடு எனக் கொள்ளலாமா?' என்னும் தலைப்பில் உழவர், வனத்துறையினர், பளியர் ஆகிய மூவர் பார்வையிலும் வகுப்பறையில் கலந்துரையாடுக.

4. கா, சோலை, பொழில், தோப்பு, கானகம் ஆகிய சொற்களின் பொருள் வேறுபாட்டை அகராதியின் துணையோடு அட்டவணைப்படுத்துக.